யாரும் கட்டாத கொடி

மாடு ஈன்றால் நஞ்சுக்கொடி விழவேண்டும், விழுந்த கொடியை மாடே தின்றுவிடாமலும் நாய் இழுத்துக்கொண்டு போகாமலும் பக்கத்திலேயே உட்கார்ந்து காக்கவேண்டும், காத்து எடுத்ததை வைக்கோல் வைத்துப் பழஞ்சாக்கில் பொதிந்து பால் வடிகிற மரமாகப் பார்த்து உயரத்தில் கட்டவேண்டும், கட்டினால்தான் அந்த மாட்டுக்கு மடி நிறையும் என்பது கறவையூத்துக்காரர்களின் நம்பிக்கை. அதனால் அந்த ஊர்க் கண்மாய்க்கரை ஆலமரத்தில் விழுதுகளைக் காட்டிலும் மூட்டைகள்தான் அதிகமாகத் தொங்கும். காற்றடித்தால் ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் ஒரே தூளியில் போட்டு ஆட்டுகிற மாதிரி அத்தனையும் ஆடும். புதிதாகக் கல்யாணமாகி வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள், வருஷம் திரும்புவதற்குள் அந்த நாற்றம் அவர்களுக்கும் வீட்டு வாசனையாகிவிடும்.

அப்படிப்பட்ட மரத்தில் ஒரு சித்திரை மாதத்துக் காலையில் யாரும் கட்டாத கொடி ஒன்று தொங்கியது. சாக்கு இல்லை, வைக்கோல் இல்லை, கயிறும் இல்லை. தாழ்ந்த கொப்பிலிருந்து காய் இறங்குகிற மாதிரி தானாகவே இறங்கியிருந்தது. விரித்த உள்ளங்கை அகலத்துக்குச் செக்கச் செவேலென்று இருந்தது. ஈ மொய்க்கவில்லை, காக்கை கொத்தவில்லை. எதையும் விட்டுவைக்காத கண்மாய்க்கரை நாய்கள் அதற்கு நேர் கீழே படுத்துக்கொண்டு, பெரிய மனுஷர் முன்னால் உட்கார்ந்திருப்பதுபோல வாலை ஒடுக்கி வைத்திருந்தன. நெருங்கிப் பார்த்தால் அது துடித்தது.

"எந்த மாட்டுது இது?" என்றுதான் ஊரார் முதலில் கேட்டார்கள். அந்த வாரம் எந்த மாடும் ஈனவில்லை.

பவுன்தாய் அப்போது புல்லுக்கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு கரையேறி வந்தாள். அவளுக்கு நாள் தள்ளிப்போய் வாந்தி எடுக்கத் தொடங்கியிருந்த நேரம். மேடு ஏற ஏற அவளுக்கு மூச்சு வாங்கியது, அவளுக்கு மூச்சு வாங்க வாங்க மரத்தில் இருந்தது வேகமாகத் துடித்தது. கட்டை இறக்கிப் போட்டு அவள் உட்கார்ந்ததும் அதுவும் அடங்கியது. நின்றிருந்தவர்கள் மரத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், மறுபடியும் மரத்தைப் பார்த்தார்கள். பவுன்தாய் தன்னை அறியாமல் அடிவயிற்றில் கை வைத்தாள். மரத்தில் இருந்தது, தொட்டால் சிணுங்குகிற குழந்தை மாதிரி ஒருமுறை சுருங்கி விரிந்தது.

அவளுடைய மாமியார் ஒச்சம்மா, காணாமல் போன ஆட்டைப் பட்டியில் அடையாளம் சொல்கிற தோரணையில், "இது நம்ம வீட்டுது" என்றாள்.

அதற்கு மேல் யாரும் அதை என்ன ஏது என்று கேட்கவில்லை. பிள்ளை அவள் வயிற்றில் இருக்கிறது, பிள்ளைக்குச் சோறு போகிற கொடி மரத்தில் இருக்கிறது, இதில் பேச என்ன இருக்கிறது? ஆக வேண்டியதைப் பார்த்தார்கள். தவசி, பவுன்தாயின் புருஷன், வேலிக்கருவை முள்ளை வெட்டிக் கொண்டுவந்து மரத்தைச் சுற்றிப் படல் அடைத்தான். வெயில் படாமலிருக்கத் தென்னங்கீற்று முடைந்து மேலே செருகினார்கள். பால் சொசைட்டியில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பாலுக்கு டிகிரி பார்க்கிற வைரவன், "இனிமே ஸ்கேன் எடுக்க டவுனுக்குப் பஸ் ஏற வேண்டாம், இங்கனயே அண்ணாந்து பார்த்துக்கிறலாம்" என்றார். எதிர்வீட்டு மொக்கத்தாய், "ஆமாமா, நீரு பால்மானியப் போட்டு டிகிரியும் பார்த்துச் சொல்லும்" என்று ஒரு போடு போட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். பவுன்தாயும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையை இழுத்து வயிற்றை மூடினாள். வயிற்றுக்குள் இருட்டில் இருக்கவேண்டியது இப்படி நட்ட வெளிச்சத்தில், ஊர் கண் பார்க்கத் தொங்குகிறதே என்ற பயம். வேறு ஒரு பயமும் இருந்தது. அதை அவளும் தவசியும் மட்டும்தான் அறிவார்கள்.

மெல்ல மெல்ல ஊர் அந்தக் கொடியைப் படிக்கக் கற்றுக்கொண்டது. பவுன்தாய் கருப்பட்டித் தண்ணீர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் மரத்தில் எறும்பு ஏறியது. முருங்கைக்கீரையும் ஈரலும் தின்ற மறுநாள் கொடி இன்னும் சிவந்து, பொழுது சாய்கிற நேரத்து வானம் மாதிரி நின்றது. பால் குடித்தால் மினுமினுத்தது. அவள் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு படுத்தால் மரத்தில் அது வாடிய வெற்றிலையாகத் தொங்கியது, உடனே யாராவது ஒரு கிண்ணத்தில் எதையாவது போட்டு மூடிக்கொண்டு வந்து வாசலில் நின்றார்கள். "என் மேல இருக்குற கோவத்த வயித்துப்பிள்ளை மேல காட்டாத" என்று அவளுக்கு ஆகாதவள்கூடக் குழம்பு கொண்டுவந்தாள். பூசாரி மந்திரித்துக் கொடுத்த திருநீற்றை அவள் பயபக்தியோடு வாயில் போட்டுக்கொண்டாள், அது கொடிக்குள் போகாமல் மறுநாள் மரத்தடியில் சாம்பலாக உதிர்ந்து கிடந்தது. பூசாரி கொஞ்ச நாள் அந்தப் பக்கமே தலை காட்டவில்லை.

தவசி ஒருநாள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடித்தான். மறுநாள் கொடியின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு ஓடியிருந்தது. ஒச்சம்மா அவனை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாள். "பாருடா, நீ விட்ட புகை. என் மூக்குக்கும் வரும், அவ மூக்குக்கும் வரும்னு நெனச்சேன். அதுக்கும் மூக்கு இருக்குதுடா!" அன்றைக்குப் பீடியை விட்டவன்தான். ஊரில் மற்ற ஆம்பளைகளும் அவள் வருகிற காற்றுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று குடித்தார்கள். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடிக்கிறவர்கள் கைத்தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றிப் போனார்கள். கல்யாண வீட்டில் யாரோ இருமலுக்கென்று கொடுத்த மருந்தைப் பவுன்தாய் ஒரு மூடி குடித்துவிட்டாள், மரத்தில் கொடி கள் குடித்தவன் தலை மாதிரி அன்று முழுக்கத் தள்ளாடியது. ஒரு பிள்ளையை ஊரே சுமப்பது என்றால் இதுதான். அதில் சுகமும் உண்டு, மூச்சு முட்டலும் உண்டு.

இவ்வளவையும் படித்த ஊருக்கு ஒன்று மட்டும் விளங்கவில்லை. தினமும் காலையில் கொடியின் நடுவில் சுண்ணாம்பு தொட்டு வைத்தாற்போல ஒரு வெள்ளைப் பொட்டு விழுந்தது. உச்சிப்பொழுதுக்கு மங்கும். அந்தியில் மறுபடியும் விழும்.

"என்ன திங்கிறா இவ?" என்றாள் மொக்கத்தாய். "சுவத்தச் சொரண்டித் திங்கிறாளோ? எனக்கு மூத்தவன் வயித்துல இருக்கையில நான் கோலப்பொடி தின்னேன்."

"அதான் அவன் கோடு கோடா வளர்ந்திருக்கான்" என்றார் வைரவன்.

பவுன்தாய் எதையும் கேட்காததுபோல உட்கார்ந்திருந்தாள். பொட்டு விழுகிற ஒவ்வொரு வேளையும் அவளுக்குத் தன் குட்டு மரத்தில் எழுதி ஒட்டப்படுவது மாதிரி இருந்தது. குட்டு வெளியானால் தனக்கு என்ன ஆகும் என்ற பயம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த வெள்ளை போய் விழுகிற இடத்தில் என்ன இருக்கிறது, விரலா, கண்ணா, உதடா என்ற பயம்தான் அவளைத் தின்றது.

சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு வலிப்பு வரும். முதலில் உமி கருகுகிற வாசம் மூக்கில் ஏறும், பிறகு இடது கட்டைவிரல் தானாகத் துடிக்கும், அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் பிறத்தியார் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும். மாத்திரை விடாமல் போட்டதால் சில வருஷமாக அது வரவில்லை. பெண் பார்க்க வந்தபோது தவசியைத் தனியாகக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னாள். அவன், "எங்க செவலை மாட்டுக்குங்கூடத்தான் ஒரு கொம்பு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்த் தாம்பூலத்தை எடுத்தான். வீட்டில் மற்றவர்களுக்குச் சொல்லவில்லை. பிள்ளை வேண்டும் என்று நினைத்தவுடனேயே இருவரும் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அங்கிருந்த டாக்டரம்மா பழைய மாத்திரையை மாற்றி வேறு கொடுத்தார், கூடவே சத்து மாத்திரை ஒன்றும் கொடுத்து, "எது நடந்தாலும் என்னைக் கேக்காம நிறுத்தக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். பவுன்தாய் அதைப் பருத்திக்கொட்டை டப்பாவில் கொட்டைக்கு அடியில் புதைத்து வைத்து வேளை தவறாமல் விழுங்கி வந்தாள். டாக்டரம்மா சொன்னது காதில் விழுந்ததோடு சரி. மரத்தில் விழுவதோ கண்ணில் படுகிறதே!

ஆடிக் காற்று தொடங்கியபோது மாட்டுக்குக் கொட்டை ஊறப்போட ஒச்சம்மாவே டப்பாவில் கைவிட்டாள். கொட்டையோடு மாத்திரை அட்டை வந்தது.

"என்னத்தா இது?"

"மாத்திரை அத்தே."

"அது தெரியுது. எதுக்குத் திங்கிற?"

தவசிதான் தொழுவத்திலிருந்து சொன்னான். "வலிப்புக்கு ஆத்தா. கட்டுறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். உன்கிட்டச் சொல்லியிருந்தா நீ ஒத்துக்கிட்டிருக்க மாட்ட."

ஒச்சம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்தான்" என்றாள். "அது போன கதை. ரெண்டு வருஷமா என் வீட்டுச் சாணிய அள்ளுறா, இனிமே அவளத் தூக்கி எங்க போடுறது? ஆனா அந்த வெள்ளை எம் பேரப்பிள்ளை மேலல்லவாடா விழுகுது?"

ஒளிந்திருந்தது வெளியே வந்தால் காலையில் கறந்த பால் சாயங்காலத்துக்குள் திரிகிற வேகத்தில் ஊருக்குத் தெரியும். சொசைட்டி வாசலில் பேச்சு அதுவாகவே இருந்தது. யாரும் பவுன்தாயைத் திட்டவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. எல்லோரும் பிரியமாகப் பேசினார்கள். வைரவன் கேன் மூடியைத் தட்டிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

"இதுல கொழப்பமே இல்ல தாயி. மடிவீக்கத்துக்கு ஊசி போட்ட மாட்டுப் பால நான் கேன்ல ஊத்த விடுவேனா? மாட்டேன். மருந்து பால்ல எறங்கும். ஊசிய நிறுத்தி ரெண்டு மூணு நாளு பீச்சிக் கீழ விட்டா அப்புறம் பால் சுத்தம். மாட்டுக்கு ஒண்ணு மனுசிக்கு ஒண்ணா? நீ மாத்திரைய நிறுத்து. கொடி தானா சுத்தமாயிரும்."

"நர்சம்மா வரட்டும், ஒரு வார்த்தை கேட்டுக்கிருவோம்" என்றான் தவசி.

"நர்சம்மா மாடு வளத்திருக்காளா?" என்றாள் மொக்கத்தாய்.

பால் கறந்தே பிழைத்த ஊர் அது. மருந்து என்றால் கெட்ட பால், நிறுத்தினால் நல்ல பால். தலைமுறை தலைமுறையாக அது பொய்த்ததில்லை. மாட்டுக்கு ஊசியை நிறுத்தினால் மடி மறுபடி வீங்கும் என்பதும், அப்போது எல்லோரும் மாட்டை விட்டுவிட்டுப் பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் அன்று யார் நினைப்புக்கும் வரவில்லை. பவுன்தாய் தன் கையாலேயே அட்டையை அடுப்பில் போட்டாள். யாரும் அவள் கையைப் பிடித்துப் போட வைக்கவில்லை. மரத்தைப் பார்த்துப் பார்த்து அவள் பயம் பழுத்திருந்தது, ஊர் ஒரு உலுக்கு உலுக்கியது, அவ்வளவுதான்.

வைரவன் சொன்னபடியே கொடி சுத்தமானது. வெள்ளைப் பொட்டு முதலில் மங்கியது, பிறகு வரவே இல்லை. செக்கச் செவேலென்று, புதுக்கல்யாணப் பெண் கூறைப்புடவை மாதிரி, காற்றில் அது ஆடுவதைப் பார்த்துப் பெண்கள் குலவையிட்டார்கள். ஒச்சம்மா மரத்துக்கு மஞ்சள் துணி கட்டினாள். வைரவன் அந்தப் பக்கம் போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "நான் சொன்னேனா இல்லையா?" என்று கேட்டார்.

பவுன்தாயும் அண்ணாந்து பார்த்தாள். மனசு குளிர்ந்தது. குளிர்ந்த மனசோடு வீட்டுக்குத் திரும்பிப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தபோது, அடுப்பில் நெருப்பே இல்லாத நேரத்தில், எங்கேயோ உமி கருகியது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாத்திரை, மாத்திரை என்றால் வெள்ளைப் பொட்டு. கட்டைவிரலைச் சேலை முந்தானையில் சுற்றி இறுக்கி வைத்துக்கொண்டாள். குலதெய்வத்திடம், 'என்னை எப்ப வேணா தள்ளு, இது கீழ எறங்குன பெறகு தள்ளு' என்று வேண்டிக்கொண்டாள். உமி வாசம் வரும், போகும். வாசற்படியில் நிற்கிற கடன்காரன் போல அது அவளைப் பார்த்துக்கொண்டே நின்றது.

ஒரு காலை சொசைட்டி வரிசையில் தூக்குவாளியோடு நின்றவள், "வைரவன் சித்தப்பா, யாரு இங்க உமிய எரிக்கிறது?" என்று கேட்டாள். வைரவன் நிமிர்ந்து பார்ப்பதற்குள் அவள் விழுந்தாள். பால் சிமெண்டுத் தரையில் ஓடியது, பாலுக்கு நடுவில் அவள் வெட்டி வெட்டி இழுத்தாள். கண் மேலே செருகியது, உதடு நாவல்பழமாகியது. ஒருவர் சாவியைக் கையில் திணித்தார், ஒருவர் அழுதார். தவசி எல்லோரையும் தள்ளிக்கொண்டு ஓடிவந்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்துத் தலைக்குக் கீழே தன் துண்டைக் கொடுத்து, "சாவிய எடுங்க, கையப் பிடிக்காதீங்க, காத்து விடுங்க" என்று கத்தினான்.

அதே நேரத்தில் கண்மாய்க்கரையில் சாணி தட்டிக்கொண்டிருந்த மொக்கத்தாய் ஆலமரத்தைப் பார்த்தாள். நாய்கள் அத்தனையும் எழுந்து நின்று அண்ணாந்து ஊளையிட்டன. கொடி கையைப் போல மூடிக்கொண்டது. சிவப்பு கருத்தது, கருப்பு நீலமானது. துடிப்பு தடுமாறி, ஒன்றுவிட்டு ஒன்று விழுந்து, நின்றது. மொக்கத்தாய் சாணிக் கையோடு ஊருக்குள் ஓடினாள், சொசைட்டியிலிருந்து பெண்கள் மரத்தைப் பார்க்க ஓடிவந்தார்கள், அவளும் அவர்களும் நடுத்தெருவில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"அவ விழுந்துட்டா!"

"அது நின்னுபோச்சு!"

அந்தத் தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் அப்போதுதான் உறைத்தது. கருப்பட்டியும் கீரையும் புகையும் மாத்திரையும் போகிற அதே வழியில்தான் மூச்சும் போகிறது. அவள் மூச்சுத்தான் அதற்கும் மூச்சு.

பவுன்தாய்க்கு இழுப்பு அடங்கியது. தொண்டை அடைப்புத் திறந்து மூச்சு உள்ளே போனது. மரத்தில் கொடி மெல்ல விரிந்து, தயங்கி, ஒரு துடி துடித்தது. பிறகு இன்னொன்று. ஆனால் அதன் ஓரத்தில் கட்டைவிரல் அழுத்தியதுபோல ஒரு நீலம் தங்கிவிட்டது, அது பிறகு மாறவே இல்லை.

சுகாதார நர்ஸ் ஃபிலோமினா வண்டிக்கு ஸ்டாண்டுகூடப் போடாமல் இறங்கி ஓடிவந்தாள். ஆம்புலன்ஸ் வருகிறவரை பவுன்தாயின் வயிற்றில் குழாயை வைத்துக் கேட்டாள். துடிக்கிறது என்று தெரிந்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"யாரு மாத்திரைய நிறுத்தச் சொன்னது?"

எல்லோரும் வைரவனைப் பார்த்தார்கள். வைரவன் பால்மானியைப் பார்த்தார்.

"அது வெள்ளையா எறங்குச்சு நர்சம்மா" என்றாள் பவுன்தாய். நாக்கைக் கடித்திருந்ததால் பேச்சு குழறியது. "என் கண்ணால பார்த்தேன்."

"எறங்கும் தாயி. எறங்கலேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். அந்தக் கொடி காவக்காரன் இல்ல, நல்லவன் வந்தா விடுறதுக்கும் கெட்டவன் வந்தா அடிக்கிறதுக்கும். அது சல்லடை. பொடிசா இருக்குறது போகும், கொழுப்புல கரையுறது போகும், ரொம்பப் பெருசு தங்கிரும். சர்க்கரை, இரும்புன்னு சிலத மட்டும் அதுவே கைகுடுத்துக் கூட்டிட்டுப் போகும். மத்தபடி அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. அது தெரிஞ்சுதான் டாக்டரம்மா உனக்குப் பழைய மாத்திரைய மாத்தி, இருக்கறதுல பயம் கொறைஞ்சதாப் பார்த்துக் குடுத்தாங்க." நர்சம்மா அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். "மாத்திரையில கொஞ்சம் பயம் இருக்கு. நீ விழுறதுல பெரிய பயம் இருக்கு. பயமே இல்லாத வழி ஒண்ணும் கிடையாது தாயி. சின்னப் பயத்த எடுத்துக்கிட்டுத்தான் போகணும்."

ஒச்சம்மா மருமகளின் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "பால மட்டும் பார்த்தோம்" என்று யாரிடமோ சொன்னாள். "மாட்டப் பார்க்கல."

டவுனில் ஸ்கேன் எடுத்தார்கள். பிள்ளை இருந்தது, அசைந்தது. டாக்டரம்மா திட்டினார், பிறகு, வயிறு வளர வளர உடம்பில் மருந்து சீக்கிரம் கரைந்துபோகும் என்று சொல்லி மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார். கூட்டிக் கொடுத்தால் பொட்டு பெரிதாகும். முதல் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பவுன்தாய் மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள். விழுங்கினால் அங்கே வெள்ளை, விழுங்காவிட்டால் நீலம். ஊர் சுற்றி நின்றது. இந்தமுறை யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லித்தானே இந்த இடத்துக்கு வந்தது! அவள் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள், பிறகு வேண்டாமென்று அண்ணாந்து கொடியைப் பார்த்துக்கொண்டே விழுங்கினாள். கொஞ்ச நேரத்தில் வெள்ளை இறங்கியது. ஒச்சம்மா அவள் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். கொடி துடித்துக்கொண்டே இருந்தது.

அன்றிலிருந்து சொசைட்டி மணி இரண்டு காரியத்துக்கு அடித்தது. காலையிலும் அந்தியிலும் வைரவன் மணியை அடித்துவிட்டுப் பால் வாங்குவதற்கு முன்னால், "மாத்திரை போட்டாச்சா தாயி?" என்று தெருமுனை கேட்கக் கத்துவார். "போட்டாச்சு சித்தப்பா" என்ற சத்தம் வந்தால்தான் முதல் கேன் திறக்கும். ஒளித்து ஒளித்து விழுங்கியதை ஊர் மணியோடு விழுங்குவது அவளுக்கு முதலில் கூச்சமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. பயம் மட்டும் பழகவில்லை. விழுங்குகிற ஒவ்வொரு வேளையும் புதுசாக வந்தது.

நிறைமாதத்தில் கொடியில் வேறொன்று தெரிந்தது. பூசணிப்பூ மகரந்தம் மாதிரி மஞ்சளாகப் பொடிப் பொடியாக என்னவோ மின்னியது. ஊர் பதறி நர்சம்மாவைக் கூப்பிட்டது. "பயப்படாதீங்க. இவ சின்ன வயசுலருந்து எந்தெந்த நோயோட சண்டை போட்டு ஜெயிச்சாளோ, அந்தத் தெம்பையெல்லாம் இப்ப பிள்ளைக்குக் குடுத்து அனுப்புறா" என்றாள் நர்சம்மா. தன்னிடம் கொடுத்து அனுப்பவும் ஒன்று இருந்திருக்கிறதே என்று பவுன்தாய் அன்று வெகுநேரம் அழுதாள்.

கார்த்திகை மழையில், நல்ல பகலில், டவுன் ஆஸ்பத்திரியில் பெண்பிள்ளை பிறந்தது. அழுதது. பவுன்தாய் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்காமல் முதலில் உதட்டைத் தடவினாள், விரல்களை விரித்துப் பார்த்தாள், பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாம் அதது அந்தந்த இடத்தில் இருந்தது. முதுகின் கீழ்ப்பக்கம் மட்டும் கட்டைவிரல் அகலத்தில் ஒரு நீலம். "இது நெறைய பிள்ளைகளுக்கு இருக்கும், தானா மறையும்" என்றார் டாக்டரம்மா. பவுன்தாய் அதன்மேல் தன் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள்.

பிள்ளை வந்துவிட்டது, கொடி வரவில்லை. ரத்தம் நிற்காமல் கசிந்தது. டாக்டரம்மாவின் பேச்சு குறைந்துகொண்டே வந்ததைப் பவுன்தாய் கவனித்தாள். வெளியே தவசி போனில் அலறினான். "ஆத்தா, கொடி விழலையாம்! ரத்தம் நிக்கலையாம்!"

மரத்தடியில் ஊர் நனைந்துகொண்டு நின்றது. மொக்கத்தாய் அரிவாளை எடுத்துவிட்டாள். "அறுத்துப் போட்டுருவோம் மதினி, அங்க அவ போயிருவா!"

ஒச்சம்மா குறுக்கே நின்றாள். "ஈன்ன மாட்டுக்குக் கொடி தொங்குனா இழுக்கலாமாடி? இழுத்தா மாடு பொழைக்குமா?" அவள் சேறு என்றும் பார்க்காமல் கொடிக்கு நேர் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து முந்தானையை விரித்தாள். தொழுவத்தில் மாட்டுக்குப் பக்கத்தில் எத்தனையோ தரம் உட்கார்ந்த அதே உட்கார்வு. "வந்துரு தங்கம், உன் வேலை முடிஞ்சுச்சு, வந்துரு" என்று மாட்டிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டே இருந்தாள். மேலே துடிப்பு மெதுவானது, இன்னும் மெதுவானது, பிறகு பழுத்த பழம் காம்பு விடுகிற மாதிரி விட்டு அவள் மடியில் வெதுவெதுப்பாக விழுந்தது. டவுனில் அந்த நொடியே ரத்தம் நின்றது. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு, நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னார்.

மனுஷக் கொடியைப் புதைப்பதா, தொங்கிய கொடியை மறுபடியும் மரத்தில் கட்டுவதா என்று ஊர் கொஞ்ச நேரம் வழக்காடியது. கடைசியில் கழுவிப் பார்த்தார்கள். கருப்பட்டியின் பழுப்பு, கீரையின் சிவப்பு, தவசியின் சாம்பல் கோடு, ஒன்றன்மேல் ஒன்றாக வெள்ளைப் பொட்டுகள், ஓரத்தில் அந்த நீலம் என்று அத்தனை மாதமும் அதில் இருந்தது. பிறகு மரத்து வேரடியிலேயே குழி தோண்டி, மஞ்சள் துணியில் சுற்றிப் புதைத்தார்கள். நாய்கள் தோண்டவில்லை.

பவுன்தாய் பிள்ளையோடு வீடு வந்து சேர்ந்த அன்று அந்தியில் பிள்ளை மார்பில் வாய் வைத்தது. சீம்பால் இறங்குகிற சுகத்தில் அவள் கண்ணை மூடியபோது சொசைட்டி மணி அடித்தது.

"மாத்திரை போட்டாச்சா தாயி?"

அவள் உள்ளங்கையில் மாத்திரை இருந்தது. பாலிலும் கொஞ்சம் இறங்கும், கொடுக்கலாம், பிள்ளை ரொம்ப மந்தமாகத் தூங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள் என்று டாக்டரம்மா சொல்லி அனுப்பியிருந்தார். அவள் பழக்கத்தில் ஜன்னல் வழியாகக் கண்மாய்க்கரையைப் பார்த்தாள். தாழ்ந்த கொப்பு வெறுமனே மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனை மாதமும் எது எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துப் பார்த்துப் பயந்தாள். இனிமேல் பார்க்க ஒன்றும் இல்லை. எல்லாத் தாய்மார்களையும்போல அவளும் குருட்டாம்போக்கில்தான் பயப்படவேண்டும்.

தெருமுனையில் கேன் திறக்காமல் ஊர் காத்திருந்தது.

அவள் விழுங்கினாள். "போட்டாச்சு சித்தப்பா" என்று குரல் கொடுத்தாள். குனிந்து பார்த்தால் பிள்ளை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டுக் கண்ணை மூடியிருந்தது. வயிறு நிறைந்த தூக்கமா, வேறு தூக்கமா? அவள் பிள்ளையின் உள்ளங்காலை விரலால் சுண்டினாள்.

பிள்ளை கோபமாக ஒரு உதை உதைத்தது.